கயிறு பிடிப்பவரைக் காட்டுங்கள்

குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கும், மயக்க டாக்டர்களுக்கும், தியேட்டர் வாசலில் பிள்ளையை எங்கள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு போகும் சிஸ்டர்களுக்கும்,



என் மகனுக்கு நாலு வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. இப்போது அவன் பிளஸ் டூ படிக்கிறான். அன்றைக்கு அவனுக்கு மயக்க மருந்து கொடுத்த டாக்டர் ஆணா பெண்ணா, இளைஞரா வயதானவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கத்தி வைத்த சர்ஜனைத் தெரியும். வார்டு சிஸ்டரைத் தெரியும். வாசலில் பாஸ் பார்த்த காவலாளியின் முகம்கூட நினைவிருக்கிறது. என் பிள்ளையின் மூச்சை ஒரு மணி நேரம் தன் கையில் வைத்திருந்தவரை மட்டும் நான் பார்த்ததே இல்லை. பதிமூன்று வருஷம் கழித்தும் அது உறுத்துவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று சொல்லமாட்டேன். ஆபரேஷன் சுத்தமாக நடந்தது. தழும்பைத் தேடினால்தான் தெரியும். அதற்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். என் ஆதங்கமெல்லாம் ஆபரேஷனுக்கு முந்தைய ஒரு ராத்திரியையும், பிந்தைய அரை மணி நேரத்தையும் பற்றியது. உங்கள் கேஸ் ஷீட்டில் அந்த நேரத்துக்குக் கட்டம் கிடையாது. எங்கள் வீடுகளில் பேசப்படுவதெல்லாம் அந்த நேரம்தான்.

நான் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் பிறந்தவள். என் தாத்தா முத்துக் குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் 1961-ல் கடைசியாக நடந்த சலாபத்திலும், அதாவது முத்துக்குளிப்பிலும், இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு இங்கே அது நடக்கவில்லை. நான் கேட்டு வளர்ந்ததெல்லாம் பாட்டி சொன்ன கதை. கல்லில் கட்டிய கயிறு ஒன்று, கூடையில் கட்டிய கயிறு ஒன்று. மூச்சை இழுத்துப் பிடித்துக் கல்லோடு இறங்குகிறவன் ஒரு நிமிஷத்துக்குள் சிப்பியை வாரிவிட்டுக் கயிற்றைச் சுண்டுவான். தோணியில் நிற்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். கண்ணயர்ந்தால் போச்சு. அந்தக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டார்கள், மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். உடன்பிறந்தவள் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு அவனுக்கு இருக்கும் என்ற கணக்கு. தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் பாட்டியின் அண்ணன். "எங்கண்ணன் கையில கயிறு இருக்குன்னு தெரிஞ்சதனாலதான் எனக்கு ராத்திரி உறக்கம் வரும்" என்பாள் பாட்டி. கடல் எத்தனை பாகம் ஆழம், அன்றைக்குக் காற்று எப்படி என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. யார் கையில் கயிறு என்பது தெரியும்.

மயக்க டாக்டர்களே, நீங்கள் செய்வது அந்த வேலை. பிள்ளையின் எடையைப் பார்த்து மருந்தை அளந்து கொடுத்து, தூங்கவைத்தது முதல் கண் திறக்கும்வரை அதன் மூச்சையும் நாடியையும் ரத்தத்தில் ஓடும் பிராணவாயுவையும் பார்த்துக்கொண்டே தலைமாட்டில் இருக்கிறீர்கள். இது எங்களுக்குத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமா? மயக்க டாக்டர் என்றால் ஊசியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், மருந்தின் வேகம் முடிந்ததும் பிள்ளை தானாக எழுந்துகொள்ளும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் நான். இன்றைக்கும் என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் பலர் அப்படியே நினைத்திருக்கிறார்கள். அப்படி நினைக்கிறவளிடம் பிள்ளையைக் கொடு என்றால் அவள் எதை நம்பிக் கொடுப்பாள்?

அந்த ராத்திரியைச் சொல்கிறேன். அடுத்த கட்டிலில் உப்பளத்து வேலைக்குப் போகிற ஒரு பெண். அவளுடைய மூன்று வயது மகனுக்கும் குடலிறக்கம்தான். புருஷன் மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போயிருந்தான், வர இன்னும் ஒரு வாரமாகும். மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். விளக்கு அணைத்த பிறகு தரையில் பாயைப் போட்டு இரண்டு பேரும் படுத்தோம். "யக்கா, முழிச்சிருவாம்லா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாதியில முழிப்பு வந்து கத்தியப் பாத்துருவானோ?" அதற்கும் பிறகு, ரொம்ப மெல்ல, "மயக்க மருந்து குடுத்தா புத்தி மந்தமாயிருமாமே?" மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. மூன்றும் எனக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருந்த கேள்விகள். பகலில் ரவுண்ட்ஸ் வந்தபோது உங்களிடம் நாங்கள் இரண்டு பேரும் கேட்டது, தையல் பிரிக்க எப்போது வரவேண்டும் என்பது மட்டும்.

அவளுடைய மூன்றாவது கேள்விக்குப் பதில் பிற்பாடு கிடைத்தது, நானும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஆஸ்திரேலியா, இத்தாலி, அமெரிக்கா உட்பட ஏழு நாடுகளில் குடலிறக்க ஆபரேஷன் செய்த 722 கைக்குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு முழு மயக்கம், சராசரியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னொரு பிரிவுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி. பிள்ளைகள் ஐந்து வயதை எட்டியபோது புத்திக்கூர்மையைச் சோதித்தார்கள். வித்தியாசம் தென்படவில்லை என்று 2019-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். எங்களுக்கு லான்செட் வேண்டாம். "ஒரு மணி நேர மயக்கத்தால் படிப்பு கெடாதும்மா, பார்த்திருக்கோம்" என்று உங்கள் வாயால் ஒரு சொல் போதும். அந்தச் சொல் கிடைக்காத தாய், பிள்ளை மூன்றாம் வகுப்பில் கணக்கில் தடுமாறும்போதெல்லாம் "அன்னைக்குக் கொடுத்த மயக்கம்" என்று தன்னையே நொந்துகொள்கிறாள். என் வகுப்பறை வாசலில் அப்படி அழுத தாயை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டினி போடும் விஷயத்தையும் சொல்லவேண்டும். "பன்னெண்டு மணிக்கு மேல பச்சத் தண்ணி குடுக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். காலை எட்டு மணிக்கு என்றார்கள். கூப்பிட்டது பகல் ஒன்றரைக்கு. சித்திரை வெயில். என் மகன் அழுது அழுது குரல் கம்மி, "ஒரே ஒரு மடக்குத் தண்ணிம்மா" என்று என் கன்னத்தைப் பிடித்துக் கெஞ்சினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரியால் முடியவில்லை. பத்து மணிவாக்கில் டீயில் நனைத்த பொறையில் பாதியை மகன் வாயில் வைத்துவிட்டாள். பிள்ளை சட்டையில் தூள் ஒட்டியிருந்ததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு அவனுக்கு ஆபரேஷன் இல்லை என்றானது. வார்டு முழுக்கக் கேட்க அவளை ஏசினார்கள். "பெத்த பிள்ளை மேல அக்கறை இருந்தா இப்படிச் செய்வியா?" என்று கேட்டார் ஒருவர். அக்கறையால்தான் செய்தாள் என்பது அங்கே நின்ற யாருக்கும் புரியவில்லை.

ஏன் வெறும் வயிறு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மயங்கியிருக்கும்போது தொண்டையின் காவலும் தூங்கிவிடும், வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதை நான் பின்னால் படித்துத்தான் அறிந்தேன். படித்தவர்களுக்கான விளக்கம் கூடத் தேவையில்லை. "மயக்கத்தில் இருக்கையில் புரையேறிடும்மா, இருமித் துப்பப் பிள்ளையால் முடியாது" என்று சொல்லியிருந்தால் போதும். புரையேறுவது என்னவென்று அறியாத தாய் எந்தக் குடிசையிலும் இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால் அவள் பொறையைக் கையால் தொட்டிருக்கமாட்டாள். கண்டித்தவர்கள் செலவழித்த நேரத்தில் கால்வாசி ஆகியிருக்கும் அதைச் சொல்ல.

பச்சைத் தண்ணீருக்கும் ராத்திரி பன்னிரண்டு மணிதான் கெடுவா? பல நாடுகளில் மயக்க மருத்துவர்கள் பின்பற்றும் நெறி வேறு. சோற்றுக்கு 6 முதல் 8 மணி நேரம், பசும்பாலுக்கு 6, தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம். ஐரோப்பிய மயக்க மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குழந்தைகளுக்குத் தண்ணீர் 1 மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம் என்றே சொல்லிவிட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு எது சரி என்று முடிவு செய்யவேண்டியவர்கள் நீங்கள், நான் இல்லை. நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு. கடைசிச் சோறு இத்தனை மணிக்கு, கடைசித் தண்ணீர் இத்தனை மணிக்கு என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். பட்டியல் தள்ளிப்போனால் யாராவது வந்து நேரத்தைத் திருத்தி எழுதுங்கள்.

தியேட்டர் வாசலில் மூன்று பேர் அடுத்தடுத்து என்னிடம் கேட்டார்கள்: பிள்ளை பேர் என்ன, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம். மூன்றாவது ஆள் கேட்டபோது என் வயிறு கலங்கிவிட்டது. எந்தப் பக்கம் என்று இவர்களுக்கே தெரியாதா என்ற பயம். உண்மை நேர்மாறானது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சரிபார்க்கவேண்டிய 19 விஷயங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. பேரும் பக்கமும் கேட்பது அதில் ஒன்று. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஆபரேஷனைத் தொடர்ந்த சாவு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. என்னைக் கலங்கடித்த அந்தக் கேள்விதான் பிள்ளைகளுக்குப் போடும் காவல். "எல்லாரையும் இப்படித்தான் திரும்பத் திரும்பக் கேப்போம், தப்பு நடந்துரக்கூடாதுன்னு" என்று கேட்கும்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பயமுறுத்திய கேள்வி அங்கேயே தைரியமாக மாறிவிடும்.

இனி அந்த அரை மணி நேரம். ஆபரேஷன் முடிந்து மகனை வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான், ஆனால் பார்க்கவில்லை. என் முகத்துக்குப் பின்னால் எதையோ பார்ப்பதுபோல வெறித்துவிட்டு வீறிட்டான். தூக்கினால் உதைத்தான். "அம்மாடா, அம்மாடா" என்றதும் இன்னும் அதிகமாகக் கத்தினான். ராத்திரி கேட்ட மூன்றாவது கேள்வி என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நம்பினேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டேலி கிளார்க், எளிதில் கலங்குகிறவர் இல்லை. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "சத்தம் போடாம பாத்துக்கோங்கம்மா" என்று ஒரு குரல் வந்தது. அரை மணி கழித்து மகன் தூங்கினான். மறுபடி விழித்தபோது "தண்ணி" என்றான், என் பிள்ளையாக இருந்தான். அதற்குள் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. பனிமய மாதாவுக்கு ஒரு நேர்ச்சை, திருச்செந்தூர் முருகனுக்கு ஒன்று.

எட்டு வருஷம் கழித்து அண்ணன் மகளுக்கு மாறுகண் ஆபரேஷன். ஐந்து வயது. வேறு மருத்துவமனை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெண் டாக்டர் வார்டுக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் ஒன்றை எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து, "இதுல ஊதிப் பாரு" என்றார். பிள்ளை ஊதியது, தன் பொம்மைக்கும் வைத்துப் பார்த்தது. அப்புறம் மதினியிடம் திரும்பினார். "நாளைக்கு இவளைத் தூங்கவைக்கப் போறது நான்தான். தூங்கினதுலேருந்து முழிக்கிறவரைக்கும் இவ தலைமாட்டிலேயே இருப்பேன். எந்திரிச்சு எங்கயும் போகமாட்டேன். முழிக்கையில சில பிள்ளைங்க ஆள் அடையாளம் தெரியாம அழும், உதைக்கும். பயந்துராதீங்க, மயக்கம் தெளியிற நேரத்துல அப்படி வரும், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும். தூக்கி அணைச்சு வச்சுக்கிட்டாப் போதும்." பத்து நிமிஷம் இருக்கும். அன்றைக்கு ராத்திரி துணைக்குப் படுத்திருந்த நான் விழித்துப் பார்த்தபோது மதினி கட்டிலடியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது.

மறுநாள் அந்தப் பிள்ளையும் விழித்ததும் கத்தியது, உதைத்தது. மதினி பதறவில்லை. "டாக்டரம்மா சொன்னதுதான்" என்று சொல்லி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதே மருந்து, அதே அழுகை. நான் பட்டதை அவள் படவில்லை.

எங்கள் பயம் எங்களோடு நின்றுவிடுவதில்லை, இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸீவ் கெய்ன் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் பல வருஷம் ஆராய்ந்தது இதைத்தான். 408 குழந்தைகளை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஒரு பிரிவுப் பெற்றோருக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் விளக்கி, மாஸ்க்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிப் பழக்கி, வாசலில் பிள்ளையின் கவனத்தை எப்படித் திருப்புவது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் மயக்கத்துக்குப் போகையில் குறைவாகப் பயந்தார்கள், விழிக்கும்போது அந்த வெறித்த அழுகை குறைந்தது, வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, சீக்கிரம் வெளியே அனுப்பப்பட்டார்கள். தாயை வெறுமனே தியேட்டருக்குள் கூட்டிப்போய் நிறுத்துவதால் மட்டும் பிள்ளையின் பயம் தீர்வதில்லை என்றும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் எங்களை உள்ளே விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நடுங்குகிறவள் உள்ளே நின்று பிரயோசனம் இல்லை. நடுக்கத்தை முந்தின நாளே தீர்த்துவையுங்கள்.

இது மருத்துவத்துக்கு வெளியே உள்ள வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்தக் கடற்கரையின் பழைய கணக்கு வேறு. முத்துக்குளிப்புக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்பவர். இந்தக் கடல்பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, பிடிக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இப்படி மந்திரம் சொல்பவர்களுக்குப் போனதாக எழுதியிருக்கிறார். மந்திரத்தை நம்பாத வெள்ளைக்கார சர்க்காரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல்கட்டிக்கு ஊதியம் கொடுத்துவந்தது. அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். மனசு நடுங்குகிறவனால் மூச்சை அடக்க முடியாது என்பது சலாபம் நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது. தைரியத்துக்கான செலவைத் தொழிலின் செலவாகவே எழுதினார்கள். உங்களிடம் மந்திரம் இல்லை, நிஜமான பதில்கள் இருக்கின்றன. அவை எங்களிடம் வந்து சேராமல் தியேட்டருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

உங்கள் சுமை எனக்குத் தெரியாமல் இல்லை. என் சின்ன வயதில் பெரிய ஆபரேஷன் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். 2000-ல் தூத்துக்குடிக்கு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு வேம்பாரிலிருந்தும் பெரியதாழையிலிருந்தும் ஜனங்கள் நம்பிக்கையோடு ஊருக்குள்ளேயே வருகிறார்கள். வருகிறவர்கள் பெருகப் பெருக, ஒரு டேபிளை முடித்துவிட்டு அடுத்த டேபிளுக்கு ஓடுகிற மயக்க டாக்டருக்கு உட்காரக்கூட நேரமில்லை என்பது புரிகிறது. ஆனால் பாதிப் பொறையால் ஒரு ஆபரேஷன் தள்ளிப்போன அன்றைக்கு எத்தனை பேருடைய நேரம் வீணானது என்று எண்ணிப் பாருங்கள். பட்டினியும் சீட்டும் பற்றிச் சொல்ல ஒரு சிஸ்டரைப் பழக்கிவிடலாம். கையெழுத்து வாங்கும் தாளை வாசலில் நீட்டாமல் முந்தின நாளே படித்துக்காட்ட ஹவுஸ் சர்ஜன் போதும். "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்ற வரியை ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றபடி படிக்கிறவள், கையெழுத்துப் போடும்போதே பிள்ளையைப் பறிகொடுத்தவளாகிவிடுகிறாள். இதையெல்லாம் மற்றவர்களிடம் பிரித்துக் கொடுங்கள். "நான்தான், எழுந்து போகமாட்டேன்" என்பதை மட்டும் வேறு யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது.

ஆகவே மயக்க டாக்டர்களே, நாளைய பட்டியலில் ஒரு குழந்தையின் பேர் இருந்தால் இன்று சாயங்காலம் வார்டுக்கு வாருங்கள். அவசர கேஸ் வந்து முடியாமல் போனால், காலையில் பிள்ளையை வாங்கும் இடத்துக்காவது மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வந்து முகத்தைக் காட்டுங்கள். சர்ஜன்களே, அதற்கான பத்து நிமிஷத்தை உங்கள் பட்டியலில் விட்டுவையுங்கள். சிஸ்டர்களே, அவர் வரும்போது அந்தத் தாய் எங்கேயாவது மருந்துக்கடை வரிசையில் நின்றுவிடாமல் கட்டிலருகே இருக்கச் சொல்லிவையுங்கள்.

உங்களைக் கண்டதும் அவள் எழுந்து நிற்பாள். உட்காரச் சொல்லுங்கள். தையல் எப்போது பிரிப்பார்கள் என்றோ, புளி சேர்க்கலாமா என்றோ கேட்பாள். பதில் சொல்லுங்கள், சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். அவள் கேட்க நினைத்தது அதற்குப் பிறகுதான் வரும்.

இப்படிக்கு,
திரேஸ்புரத்திலிருந்து ஒரு தாய்